பெருவழுதிக் காசு

வேலூரிலிருந்து தெற்கு நோக்கித் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கணியம்பாடி என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரிலிருந்து நோக்கின் சவ்வாது மலைத்தொடர் நீலத்திரைபோல் விரிந்து தோன்றும். அம்மலைத்தொடரின் தென்பாலுள்ள செங்கம் பகுதி, சங்க காலத்தில் நன்னன் என்னும் வள்ளல் ஆண்ட நிலமாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அவனைப் பாடுகின்றது. அச்செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டி என்னும் சிற்றூரில் ஈயக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றின் ஒருபுறம் குன்றுகளும் ஆறும் பொறிக்கப்பட்டிருந்தன; மறுபுறம் விளிம்பைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்துகள் அமைந்திருந்தன. தொல்பொருள் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்தார். அவ்வெழுத்துகளுள் சேந்தன் என்னும் பெயர் படிக்கப்பட்டது. குன்றும் ஆறும் சூழ்ந்த நாட்டை ஆண்டவன், தன் நாட்டையே காசில் பொறித்தான் போலும்!

ஈயம் மதிப்பிற் குறைந்த உலோகந்தான். ஆயினும் அக்காசுகளில் ஒன்றையேனும் காண வேண்டும், கையில் ஏந்த வேண்டும் என்று ஏங்கும் உள்ளங்கள் உண்டு. பழங்காசு தேடுவோர் உள்ளம் அத்தகையது. பொன்னாசை கொண்டவன் காசின் எடையை நோக்குவான். இவரோ அதன் எழுத்தை நோக்குவர். தேய்ந்த செப்புத் துண்டு ஒன்றிற்காக ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராய் அலைந்தவர் பலர்.

தென்னாட்டில் இத்தேட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாணத்தில் அலுவல் புரிந்த சர் வால்டர் எலியட் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் தென்னிந்தியக் காசுகளை நெடுங்காலம் திரட்டினார். அவற்றைப் பற்றிய நூலை அவர் ஆக்கியபோது அவருக்குக் கண்ணொளி மங்கிவிட்டது என்பது எண்ணுந்தோறும் இரக்கம் விளைப்பதாகும். வேலூரில் சமயப்பணி புரிந்த டென்மார்க்கு நாட்டுப் பாதிரியார் லோவந்தால் என்பவர், திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். கணியம்பாடிக்கு அண்மையிலுள்ள நகரில் வாழ்ந்த அயல்நாட்டவர் ஒருவர், பொருநையாற்று நாட்டுக் காசுகளை ஆராய்ந்தமை வியப்பன்றோ?

சதுர வடிவான செப்புக்காசுகள் சில அக்காலத்திலேயே அறிஞர்க்குத் தெரிந்திருந்தன. அவற்றின் ஒருபுறம் யானையும் மறுபுறம் மீனை ஒத்த கோட்டுருவும் இருந்தன. மீன் பாண்டியர் சின்னமாதலின் அவை பாண்டியர் காசுகளாகலாம் எனக் கருதினர். ஆனால் அவற்றில் மன்னன் பெயர் இல்லை. பெயரில்லாக் காசு, முகவரியில்லா மடல் போன்றது. வந்தது தெரியும், விடுத்தவர் யாரெனத் தெரியாது.

இதனால் ஓர் ஐயம் எழுந்தது. சங்ககால மூவேந்தர் தம் பெயரால் காசு வெளியிட்டனரா? வெளியிடவில்லை என்றே அறிஞர் பலர் எண்ணினர். முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள் வடநாட்டிலிருந்து வந்தவை என்றனர். உரோமானியர் காசுகளோ குவியல் குவியலாகக் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டில் கண்டெடுத்த புதையலில் மட்டும் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு விழுந்திருந்தது. கடல்கடந்த மன்னரின் பெயரைத் தமிழ்மண் காத்து வைத்திருந்தது. தன் மன்னர் பெயரை மட்டும் காட்ட மறுத்தது. பாட்டில் புகழப்பெற்ற வழுதியும் கோதையும் புலவர் கற்பனையோ என்று ஐயுறுவார்க்கு அம்மௌனம் துணையாயிற்று.

கல்வெட்டுகள் ஒருவாறு அம்மௌனத்தைக் கலைத்தன. கரூரை அடுத்த புகழூர்க் குகையில் சேர மரபினர் மூவர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதை 1965ஆம் ஆண்டில் ஐராவதம் மகாதேவன் படித்து விளக்கினார். அவ்வெழுத்தைத் தமிழ்ப் பிராமி என்பர்; தமிழி எனவும் வழங்குவர். கல்லில் பெயர் கிடைத்தது. காசில் கிடைக்குமா என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் தினமலர் நாளிதழின் ஆசிரியர். அன்றாடச் செய்திகளில் மூழ்கியிருந்த அவர், எஞ்சிய பொழுதையெல்லாம் ஈராயிரம் ஆண்டுப் பழஞ்செய்திகளுக்கு ஈந்தார். பழங்காசுகளை நாடித் திரட்டினார். அவற்றைப் படித்தற்குத் தொல்லெழுத்தையும் பயின்றார்.

அவ்வேலை எளிதன்று. பொன் மண்ணில் புதைந்தாலும் ஒளி குன்றாது. செம்போ பச்சைக் களிம்பு பூத்து, அக்களிம்பு கல்லென இறுகிவிடும். களிம்பை நீக்காவிடின் எழுத்துத் தெரியாது. அளவு கடந்து நீக்கினால் எழுத்தே அழிந்துபோம். இடைப்பட்ட நிலையை அறிந்து நிறுத்துதற்குப் பெரும்பொறுமை வேண்டும். களிம்பேறிய செம்பின் அருமை உணராமல் அதனைப் பழைய பாத்திரங்களோடு உருக்கிவிடுவாரும் உளர். அங்ஙனம் உலைக்களம் புகுந்து உருவிழந்த காசுகள் எத்தனையோ!

1980களின் நடுவில் கிருஷ்ணமூர்த்தியின் தேட்டம் பயனளித்தது. சதுரச் செப்புக்காசு ஒன்றில் ஒரு குதிரை நின்றது. அதன் மேற்பகுதியில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் வரிசையாக இருந்தன. மறுபுறத்தில் பழகிய அம்மீன் கோட்டுருவே இருந்தது. எழுத்துகளைக் கூட்டிப் படித்தபோது ‘பெருவழுதி’ என்னும் பெயர் தெளிவாக எழுந்தது. வழுதி என்பது பாண்டியர்க்கே உரிய பெயர். எனவே, பெயரற்றுக் கிடந்த மீன்குறிக் காசுகளுக்கும் அன்றே உரிமையாளர் கிடைத்தனர் எனலாம். நெடுநாள் தேடிய காசு கைக்கு வந்தது. நெடுநாள் நிலவிய ஐயமும் உடன் நீங்கியது.

எழுத்தமைதி கொண்டு இக்காசினைக் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது என அறிஞர் மதித்தனர். இவன் எந்தப் பெருவழுதி? பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் வேந்தனைப் புறநானூறு போற்றுகின்றது. குதிரை உருவத்தை வேள்வியோடு இயைத்து, அவனே இவன் எனக் கொள்வாரும் உண்டு. ஆயினும் பெருவழுதி என்னும் பெயர் பூண்டோர் ஒருவர் அல்லர். காசு கூறும் அளவிற்கு மேல் அதனைப் பேச வைத்தல் கூடாது. கிருஷ்ணமூர்த்தி இக்கண்டுபிடிப்பைப் ‘பாண்டியர் பெருவழுதி நாணயங்கள்’ என்னும் நூலாக 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பாண்டியன் பேசியபின் சேரரும் வாய்திறந்தனர். கரூரில் அமராவதி ஆறு வெள்ளம் வடிந்தபின், ஆற்றுமணலைச் சலித்துப் பொன்துகளும் பழம்பொருளும் தேடுவோர் உண்டு. அவர்தம் சல்லடையில் காசுகளும் தங்கும். அங்குக் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றில் மன்னன் தலையுருவும் அதன்மேல் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் இருந்தன. கோதை சேரர் பெயராகும். உரோமானியக் காசுகளில் பேரரசர் தலையுருவைக் கண்ட பழக்கமே தமிழ் மன்னரையும் அவ்வாறு பொறிக்கத் தூண்டியிருக்கலாம். ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்னும் பெயர் தாங்கிய காசுகளும் அறியப்பட்டன.

இங்கே ஒரு குறையையும் கூறுதல் வேண்டும். ஆற்றுமணலிலிருந்து வணிகர் கைக்கும், வணிகர் கையிலிருந்து சேகரிப்போர் பேழைக்கும் செல்லும் காசு, தான் கிடந்த இடத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. அகழாய்வில் கிடைக்கும் காசோ, எந்த மண்ணடுக்கில், எப்பானை ஓட்டின் அருகில் கிடந்தது என்பதனையும் கூறும். புதையலுக்கெனச் சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். 1851ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் காசுத்தொகுதி, இவ்வாறு வந்த புதையல்களாலும் வளம்பெற்றது.

கிருஷ்ணமூர்த்தி தாம் கண்ட சங்ககாலக் காசுகள் அனைத்தையும் தொகுத்து 1997ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 2021ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மாக்கோதையின் வெள்ளிக்காசில் பின்புறம் வெறுமையாகவே உள்ளது. முன்புறத்தில் மட்டும் அச்சேரன் இன்றும் பக்கவாட்டில் நோக்கிய வண்ணம் இருக்கின்றான்.