அடுப்புப் புகை: பழக்கத்தின் கேடா, வறுமையின் கேடா?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றதும் பீடியும் சிகரெட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத கிராமப்புறப் பெண்களையும் இந்நோய் பீடிக்கிறது. விறகும் வறட்டியும் எரியும்போது எழும் நுண்துகள்கள் மூச்சுக்குழாய்களைப் புண்ணாக்குகின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது குழாய்கள் சுருங்கி, காற்றுப்பைகள் சிதைகின்றன. அவ்வாறு இழந்த மூச்சுத்திறன் முழுமையாக மீள்வதில்லை. 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

தமிழ்நாட்டில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருபவர், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன். அவரது குழு திருவள்ளூர் மாவட்டத்தில் புகைப்பழக்கமற்ற 900 பெண்களைப் பரிசோதித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ 2.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் சமைத்தவர்களிடையே அது 3 விழுக்காடு.

அதன்பின் வந்த ‘ஹாப்பின்’ ஆய்வு, விழுப்புரம் வட்டாரத்திற்கு நேரடியாகத் தொடர்புடையது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள் இதில் பங்கேற்றனர். இந்தியாவில் தெரிவு செய்யப்பட்ட களங்கள் நாகப்பட்டினமும், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியும். பாதிப் பெண்களுக்குக் கேஸ் அடுப்பும் 18 மாதங்களுக்கான எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. மற்றவர்கள் விறகடுப்பிலேயே சமைத்தனர்.

2022இல் வெளியான முடிவுகள் இரண்டு உண்மைகளைக் கூறுகின்றன. முதலாவது, விறகடுப்புப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 70 மைக்ரோகிராம். எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. ‘கிராமத்துப் பெண்கள் விறகுப் பழக்கத்தை விடமாட்டார்கள்’ என்னும் வாதம் இங்கே உடைகிறது. சிலிண்டர் தடையின்றி வீடு தேடி வந்தபோது அவர்கள் விறகை விட்டார்கள். தடையாக இருந்தது பழக்கமன்று, பணம்.

இரண்டாவது உண்மை கசப்பானது. குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று 2024இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. இதைக் காட்டி எரிவாயு மானியம் வீண் என்று சொல்வது பிழையாகும். பல்லாண்டுகளாகச் சேரும் நுரையீரல் கேட்டை 18 மாத எரிவாயு அழித்துவிடாது. தாயின் உணவு, குடியிருப்பின் நெருக்கம், அண்டை வீட்டுப் புகை ஆகியவற்றையும் ஒரு சிலிண்டர் மாற்றிவிடாது.

இங்குதான் சாதி குறுக்கிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி விழுப்புரம் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. திருவாமாத்தூர் தொடங்கி திண்டிவனம் வரை, காலனிகளில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2018இல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. இணைப்பு வந்தது, ஆனால், அடுத்த சிலிண்டரின் விலை வேலையற்ற நாளில் எங்கிருந்து வரும்? சீமைக்கருவேல விறகோ காசின்றிக் கிடைக்கிறது. அதன் விலையைப் பெண்ணின் நுரையீரல் செலுத்துகிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. இணைப்புகளின் எண்ணிக்கையை அன்று, ஆண்டுக்கு நிரப்பப்படும் சிலிண்டர்களின் எண்ணிக்கையை அரசு சாதிவாரியாக வெளியிட வேண்டும். கூலிக் குடும்பங்களுக்கு நிரப்புதல் செலவை முழுமையாக ஏற்க வேண்டும். தனித்தனி வீடுகளாக அன்றி, தெரு முழுவதும் ஒருசேர மாற வழிசெய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஊதிப் பார்க்கும் ‘ஸ்பைரோமெட்ரி’ சோதனை நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். இச்சோதனை இல்லாதவரை, அவர்களின் மூச்சுத்திணறல் வெறும் ‘இழுப்பு’ என்றே எழுதப்படும். கணக்கில் வராத நோய்க்கு நிதியும் வராது.