அப்பாவின் இதயநோய் அண்ணனுக்கு வந்தது, தம்பிக்கு ஏன் வரவில்லை?

தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் இழுக்க ஆயிரம் பேர்; சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட நாலைந்து பேர்தான். அவர்கள் அசந்தால்?

இதயத் தசையில் வடம் இழுப்பது மயோசின் என்ற புரதம். அதை அடக்கிவைக்க முட்டுக்கட்டையாக இன்னொரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் பிழை நேர்ந்தால் கட்டை குறைகிறது. தசை மிகையாக இழுத்து இழுத்து, காலப்போக்கில் தடித்துப்போகிறது. அப்பாவுக்கு வந்த நோய் இதுதான்.

அந்த மரபணு அப்பாவிடம் இரண்டு பிரதி. பழுது பெரும்பாலும் ஒன்றில்தான். பிள்ளைக்கு எது வரும்? பூவா, தலையாதான். அண்ணனுக்குப் பூ விழுந்ததால் தம்பிக்குத் தலை என்று கணக்கில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு இந்த மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. பயப்படாதீர்கள், அவர்களில் பலருக்கு நோயே வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.