கத்தரிக்கோலில் பிறந்த ராஜகுமாரன்

1912-ம் வருஷம். பம்பாயில் ஒரு வீட்டில், தொட்டி ஒன்றில் பட்டாணி விதைத்தார்கள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தத் தொட்டிக்கு எதிரே ஒரு சினிமாக் காமிரா காவல் நின்றது! செடி முளைத்து, இலை விட்டு, கொடியாகப் படரும் வரையில், ஒரு மாதத்துக்கும் மேலாக வீட்டுக்காரர் அதை விட்டு விட்டுப் படம் பிடித்தார். அத்தனை நாள் வளர்ச்சியும் திரையில் ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஓடி முடிந்தது. பார்த்து அசந்து போனவர்கள், சினிமா எடுக்க அவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தார்கள். மறு வருஷமே 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. ஆமாம், அந்த வீட்டுக்காரர் தாதா சாஹேப் பால்கேதான்.

பட்டாணிச் செடி தானே வளர்ந்தது. பால்கே செய்ததெல்லாம் இடைவெளி விட்டுப் படம் எடுத்ததுதான். இப்போது செடி இருந்த இடத்தில் உயிரில்லாத ஒரு பொம்மையை வையுங்கள். ஒரு படம் எடுங்கள். பொம்மையின் கையை ஒரு நெல்லளவு நகர்த்துங்கள். இன்னொரு படம். மறுபடி ஒரு நெல்லளவு. மறுபடி ஒரு படம். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தால், பொம்மை கையைத் தூக்கி உங்களைக் கும்பிடும்! 'ஸ்டாப் மோஷன்' என்று சினிமாக்காரர்கள் சொல்லும் வித்தையின் ரகசியம் இவ்வளவுதான்.

"பூ, இவ்வளவுதானா!" என்று சொல்லிவிடாதீர்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு படமாக எடுத்துச் சிக்கனம் செய்தாலும், ஒரு நிமிஷக் காட்சிக்குப் பொம்மையை 720 தடவை நகர்த்தியாக வேண்டும். எழுநூறாவது தடவையில் புடவைத் தலைப்புப் பட்டுப் பொம்மை சாய்ந்தால், அந்தக் காட்சியைப் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்!

இந்தப் பொறுமைப் பரீட்சையில் தேறிய ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் இவ்வளவு பீடிகையும்.

லோட்டே ரைனிகர் 1899-ல் பெர்லினில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கத்தரிக்கோலும் கையுமாகத்தான் இருப்பார். கறுப்புக் காகிதத்தில் கோடு கூடப் போடாமல் ஆளையும் மானையும் மரத்தையும் 'சரக் சரக்'கென்று வெட்டி எடுத்து விடுவார். 1918-ல் எலிகளை ஓட்டிச் செல்லும் குழலூதியின் கதையைப் படமாக எடுத்தார்கள். உயிருள்ள பிராணிகள் டைரக்டரின் சொல்லைக் கேட்குமா? அவை இஷ்டத்துக்கு ஓடின. கடைசியில் மரத்தால் எலிகளைச் செய்து, அணு அணுவாக நகர்த்திப் படம் எடுத்தார்கள். அந்த எலிகளை 'நடிக்க' வைத்தவர்களில் பத்தொன்பது வயது லோட்டேயும் ஒருவர்.

1923-ல் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சரிந்துகொண்டிருந்தது. லூயி ஹாகன் என்ற பாங்கர், பணமாக வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று சினிமாப் படச் சுருளாக வாங்கிப் போட்டிருந்தார். அதை லோட்டேயிடம் கொடுத்து, "முழு நீளப் படமே எடுங்களேன்" என்றார். போட்ஸ்டாம் நகரில் அவர் வீட்டு மோட்டார் கொட்டகையின் மேல்தான் ஸ்டூடியோ!

லோட்டேயின் பாத்திரங்கள் கறுப்பு அட்டையாலும் மெல்லிய ஈயத் தகட்டாலும் ஆனவை. தலை, தோள், முழங்கை, விரல் என்று தனித்தனியே வெட்டி, மெல்லிய கம்பியால் கீல் வைத்து இணைப்பார். கண்ணாடிப் பலகையின் மேல் அவற்றைக் கிடத்தி, கீழிருந்து விளக்கு வெளிச்சம் பாய்ச்சுவார். காமிரா மேலிருந்து குனிந்து பார்க்கும். தூரத்து மலைக்கு ஒரு கண்ணாடி, அருகிலுள்ள மரத்துக்கு ஒரு கண்ணாடி என்று அடுக்கியதும் உண்டு. கணவர் கார்ல் கோக் காமிராவைக் கவனித்துக்கொண்டார். நண்பர்கள் சிலரும் கூட உழைத்தார்கள். மூன்று வருஷப் பாடு! 1926-ல், அராபியக் கதைகளிலிருந்து பிறந்த 'இளவரசர் அக்மத்' பறக்கும் குதிரையில் ஏறித் திரைக்கு வந்தார்.

இதே வித்தையை வேறு விதமாகக் கையாண்டவர்களும் உண்டு. வண்டுகளின் சண்டையைப் படமெடுக்க விரும்பினார் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச். விளக்குச் சூட்டில் அவை ஒத்துழைக்கவில்லை. செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால் பொருத்தி 1910-ல் சண்டையை நடத்தி முடித்தார்! 1933-ல் வந்த 'கிங் காங்' குரங்கைப் பார்த்து நடுங்கினார்களே, அநேக காட்சிகளில் அது ஒன்றரை அடிப் பொம்மைதான். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே முயல் ரோமம். நகர்த்தியவரின் விரல் பட்டு ரோமம் கலைய, திரையில் அது சிலிர்ப்பது போல் தெரிந்தது. முகபாவத்துக்காகத் தலையையே மாற்றி மாற்றிப் பொருத்துவது இன்னொரு வகை. 1993-ல் வெளியான 'கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொடுங்கனவு' படத்தின் எலும்புக்கூட்டு நாயகனுக்கு ஏறத்தாழ 400 தலைகள்! ராவணன் தோற்றான் போங்கள்! இங்கிலாந்தில் நிக் பார்க்கின் களிமண் பொம்மைகளில், செய்தவரின் கைரேகையே சில சமயம் தெரியும். கனடாவில் நார்மன் மக்லாரன், 1952-ல் மனிதர்களையே பொம்மைகளாக்கி, ஒரு பூவுக்காக அண்டை வீட்டார் அடித்துக்கொண்டு மாளும் படத்தை எடுத்து ஆஸ்கார் பரிசு பெற்றார்.

லோட்டேயின் கதைக்கு வருவோம். ஹிட்லர் ஆட்சி பிடிக்காமல் 1935-ல் தம்பதிகள் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். நிரந்தரமாகத் தங்க எந்த நாடும் இடம் தரவில்லை. விசா முடிய முடிய ஊர் மாறினார்கள். யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, நோயாளித் தாயாரைக் கவனிப்பதற்காக, எந்த ஊரை விட்டு ஓடினாரோ அதே பெர்லினுக்கு லோட்டே திரும்ப நேர்ந்தது. யுத்த நாசத்தில் 'அக்மத்'தின் மூலப் பிரதி தொலைந்தது. மூன்று வருஷ உழைப்பு போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் பிரிட்டிஷ் பாதுகாப்பகத்தில் ஒரு பழைய பிரதி பிழைத்திருந்தது. அதைக் கொண்டு 1999-ல் படத்தைப் புதுப்பித்தார்கள். இன்று எஞ்சியிருக்கும் முழு நீள அசைவுச் சித்திரங்களுள் மிகப் பழமையானது அதுவே. அந்த நல்ல சேதியைக் கேட்க லோட்டே இல்லை, 1981-லேயே காலமாகிவிட்டார். 1949-ல் லண்டனில் குடியேறிய பிறகும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தக் கலை அழியாததற்குக் காரணம் ஒன்றுதான். பொம்மையின் ஒவ்வோர் அசைவிலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. அந்தக் கையின் அன்பும் அவசரமும் அயர்வும் கூடத் திரையில் தெரிகின்றன.

விடுமுறை நாளில் வீட்டில் முயன்று பாருங்களேன்! கைப்பேசியை ஆடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் பத்துப் புளியங்கொட்டைகளைப் போட்டு, நகர்த்தி நகர்த்தி 120 படங்கள் எடுங்கள். விநாடிக்கு 12 படமாக ஓட்டினால், பத்து விநாடிக்குப் புளியங்கொட்டைகள் கோலாட்டம் ஆடும்.

இன்னொரு விஷயம். உங்கள் பெண் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கூடமெல்லாம் காகிதத்தை வெட்டிப் போட்டிருக்கிறாளா? "குப்பை பண்ணாதே!" என்று அதட்டுமுன், குனிந்து ஒரு தடவை பாருங்கள். அந்தக் குப்பையில் ஒரு ராஜகுமாரன் குதிரை ஏறக் காத்திருக்கலாம்!