நான்காவது ஆள் வந்து அமரும்போது

சிங்கப்பூரில் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். அலுவலகங்களில் பெரும்பாலும் புழங்குவது ஆங்கிலம். ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் மூன்று சீனர்கள் மாண்டரினில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அங்கே தமிழ்ப் பெண் ஒருவர் தட்டோடு வந்து அமர்ந்தால், பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றுவதே மரியாதை. இல்லையென்றால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று அவருக்குத் தோன்றிவிடும். தமிழர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மலாய்க்காரருக்கும் இதே நிலைதான்.

அதற்காகத் தாய்மொழியே கூடாது என்பதில்லை. வீட்டுத் துயரத்தை இருவர் தமிழில் பகிர்ந்துகொள்வதை எந்த மேலாளரும் தடுக்கக் கூடாது.

ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மொழி சட்ட விஷயமாகிறது. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம், மொழித்திறனை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரானது. மாண்டரின் பேசும் பயணிகளுக்கு வழிகாட்டி வேண்டுமென்றால் அம்மொழியைக் கேட்பது நியாயம். வேலைக்கே தேவைப்படாத மொழியைக் கேட்பது அநியாயம்.