புல்தரையும் குடியிருப்பும்

ஊர் பெருகும்போது முதலில் குறைவது திறந்தவெளி. இதற்குத் திருவண்ணாமலை ஒரு சான்று. அண்ணாமலையின் கிழக்கு அடிவாரத்தில், கோவிலையும் மாடவீதிகளையும் ஒட்டியே ஒருகாலத்தில் ஊர் அமைந்திருந்தது. 1989ஆம் ஆண்டு மாவட்டத் தலைநகராகவும் 2024ஆம் ஆண்டு மாநகராட்சியாகவும் உயர்ந்த அவ்வூர், இன்று ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையின் இருமருங்கிலும் அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கிறது. நெல்லும் நிலக்கடலையும் விளைந்த வயல்களில் எல்லைக்கற்கள் நடப்படுகின்றன, வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. குடியிருக்க வீடு வேண்டும் என்பது நியாயமான தேவையே. எந்த நிலத்தில், எவற்றை விட்டுவைத்து அத்தேவையை நிறைவேற்றுவது என்பதுதான் வினா.

நம் ஊர்களில் அவ்வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. ஒருவர் இரண்டு ஏக்கரை மனையாக்குவார். அடுத்த ஆண்டு பக்கத்து நிலத்தவர் மூன்று ஏக்கரை மனையாக்குவார். ஊர் இவ்வாறு சிறுகச் சிறுக வளர்வதால் முழுப்பரப்பையும் ஒருசேர நோக்கும் வாய்ப்பு எவருக்கும் கிட்டுவதில்லை. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒரே நாளில், ஒரே கையில் வந்து சேர்ந்தால் என்ன செய்யலாம்? அத்தகைய வாய்ப்பு, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூருக்கு அண்மையில் வாய்த்தது. அங்கு மூடப்பட்டது ஒரு குழிப்பந்தாட்டத் திடல்.

கெப்பல் திடல்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்துக்கு வேறெந்த விளையாட்டையும்விட மிகுதியான நிலம் தேவை. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு திடல் நூறு ஏக்கரைத் தாண்டிவிடும். ஒரே நேரத்தில் அங்கு ஆடுவோரோ மிகச் சிலர். 700 சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய பரப்பில் ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் வாழும் ஒரு தீவுக்கு இது எளிதில் ஒத்துவரும் கணக்கன்று. ஆகவே, சில திடல்களின் குத்தகையை நீட்டிப்பதில்லை என்று சிங்கப்பூர் அரசு 2014ஆம் ஆண்டு அறிவித்தது. அவற்றுள் ஒன்று, 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கெப்பல் மன்றத்தின் திடல். தெலுக் பிளாங்கா பகுதியில் ஏறத்தாழ 44 ஹெக்டேர், அதாவது 109 ஏக்கர் பரப்புடைய அத்திடல் 2022 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. அங்கு ஆயிரக்கணக்கான வீடுகள் அமையவுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும். எஞ்சியவை தனியார் வீடுகள்.

1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இக்கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் சிங்கப்பூர்க் குடிமக்களில் பெரும்பாலோர் வாழ்கின்றனர். இவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர் கலந்து வாழும் வகையில் விழுக்காட்டு வரம்பு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்க் குடும்பத்தின் வாசலில் இடப்பட்ட கோலத்தைக் கடந்து சீனக் குடும்பம் தன் வீட்டுக்குச் செல்வது அங்கு அன்றாடக் காட்சி. சிலர் மட்டும் பயன்படுத்திய நிலம் பல்லாயிரவர்க்கு வீடாகிறது என்ற அளவில் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது.

ஆயினும், கட்டுமானத்துக்கு முன்பாக அந்நிலத்தின் சூழலியல் தாக்கம் ஆராயப்பட்டது. மனிதர் வெட்டிச் சீராக்கிய புல்தரையில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உண்மையில் ஆட்டத்திடல் முழுவதும் புல் மட்டுமே இருப்பதில்லை. ஆடுதளங்களுக்கு இடையே முதிர்ந்த மரங்களும் குட்டைகளும் இருக்கும். கெப்பல் திடலின் ஓரத்தில் பெர்லேயர் ஓடையும் அதனைச் சார்ந்த அலையாத்திக் காடும் உள்ளன. வடக்கே உள்ள குன்றுத்தொடருக்கும் தெற்கே உள்ள லேப்ரடார் கடலோர வனப்பகுதிக்கும் நடுவில் இந்நிலம் அமைந்திருக்கிறது. குன்றிலிருந்து கரைக்குப் பறந்து செல்லும் பறவைக்கு இத்திடலின் மரங்கள் இடையில் இளைப்பாறும் கிளைகள். அந்தத் தொடர்ச்சி அறுந்தால் இருபுறக் காடுகளும் தனித்தனித் தீவுகளாகிவிடும்.

ஆய்வறிக்கை 2022ஆம் ஆண்டு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அதன் வழியே திட்டத்தில் நான்கு பசுமை வழித்தடங்கள் இடம்பெற்றன. பூங்காக்களுக்கும் திறந்தவெளிகளுக்கும் ஏறத்தாழ 10 ஹெக்டேர், அதாவது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒதுக்கப்பட்டது. இதனால் இழப்பே இல்லை என்று கொள்ளலாகாது. எஞ்சிய நிலத்தில் கட்டடங்கள் எழும்போது அங்கிருந்த மரங்களில் பல நீங்கவே செய்யும். எதை இழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்த பின்னர் இழப்பதற்கும், எண்ணாமலே இழப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது. இங்குக் கட்டப்படும் அரசு வீடுகளின் முதல் தொகுதி 2025 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது.

மழைநீரின் கணக்கு

புல்தரை செய்யும் பணிகளில் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று, மழையை உள்வாங்குவது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. மழை பெய்தால் அது பத்து லட்சம் லிட்டர். கெப்பல் அளவுள்ள 44 ஹெக்டேர் நிலத்திலோ நான்கு கோடியே நாற்பது லட்சம் லிட்டர். மண்ணும் புல்லும் இருக்கும்வரை இதில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். மற்றொரு பகுதி குட்டைகளில் தங்கும். கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் ஏறத்தாழ முழு நீரும் வெளியேற வழி தேடும். வழி இல்லாவிடில் பக்கத்துத் தெருவே அதற்கு வழியாகும்.

இக்கணக்கை நேரில் கண்டறிந்த நகரம் சென்னை. அங்குக் கிண்டியில் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலம் 1945ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகைக்குக் குதிரைப்பந்தயத்துக்காக அளிக்கப்பட்டது. பந்தயப் பாதைக்கு உட்புறம் குழிப்பந்தாட்டத் திடலும் இருந்தது. தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கி 2024 செப்டம்பரில் நிலத்தைத் தன்வயப்படுத்தியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. மாநகரின் நடுவே இத்தகைய நிலத்தின் விலையை ஊகித்துக்கொள்ளலாம். அங்கு அடுக்குமாடிகள் எழுப்பப்படவில்லை. 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. அருகிலுள்ள வேளச்சேரி, ஏரியும் சதுப்பும் சுருங்கிப்போனதால் பெருமழைதோறும் நீரில் தத்தளிக்கும் பகுதி. அதற்கு மேலும் வீடுகளைவிடக் குளங்களே தேவைப்பட்டன. சிங்கப்பூரில் வீடு, கிண்டியில் குளம் என்ற இரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நிலத்தின் அண்டையில் என்ன இருக்கிறது என்பதே இரண்டையும் தீர்மானித்தது.

மலையடிவாரம்

திருவண்ணாமலையில் குழிப்பந்தாட்டத் திடல் இல்லை. 2,668 அடி உயரமுள்ள மலை இருக்கிறது. அம்மலையில் விழும் மழை நாற்புறமும் இறங்கி ஓடைகளின் வழியே அடிவாரக் குளங்களையும் ஏரிகளையும் சேர்வது பழைய ஏற்பாடு. கிரிவலப் பாதையில் தீர்த்தங்கள் பல அமைந்திருப்பது சமயக் காரணத்தால் மட்டுமன்று, நீர் வந்துசேரும் இடங்கள் அவை என்பதாலும்தான்.

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த பெருமழையில் அம்மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். சரிவில் உள்ள மண் அளவுக்கு மீறி நீரை ஏற்கும்போது அதன் எடை கூடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலான பிடிப்புக் குறைகிறது. அதன்மேல் நின்ற பாறை நிலைகுலைகிறது. மரவேர்கள் மண்ணை ஓரளவு பிணைத்து வைக்கும். சரிவை வெட்டிச் சமப்படுத்தினாலோ ஓடையை மறித்தாலோ ஆபத்து மிகும். அங்கு வாழ்வோரைக் குறைகூறுவது முறையன்று. ஊருக்குள் இடம் வாங்க இயலாத எளியவர்களே பெரும்பாலும் சரிவுகளுக்கும் நீர்வழிகளுக்கும் தள்ளப்படுகின்றனர். கெப்பலில் வீடுகள் எழுப்பப்படுவதன் பொருள் இங்குதான் முழுமையாக விளங்குகிறது. பாதுகாப்பான நிலத்தில், தாங்கத்தக்க விலையில் வீடு கிடைக்கச் செய்யாமல் மலையடிவாரத்தைக் காலிசெய்யச் சொல்வது பாதித் தீர்வே.

திறந்தவெளிக்குத் தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்து விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு உள்ளாட்சி அமைப்புக்கு வழங்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளுக்கு நிலத்துக்கு மாற்றாக அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்தவும் இடமுண்டு. பணம் கருவூலம் சேரும். மழைநீர் எங்குச் சேரும் என்பது அப்படியே நிற்கும். ஒதுக்கப்படும் பத்து விழுக்காடும் மனையாக விலைபோகாத மூலையில் அமைந்துவிட்டால் அதனால் விளையும் பயன் சிறிதே. அதுவே நீர் இறங்கும் பாதையில் அமைந்தால், சிறிய துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து மலையிலிருந்து ஏரிவரை ஒரு வழித்தடமாகக்கூடும்.

அப்பாதை எங்குச் செல்கிறது என்பதை அறியக் காலம் தாழ்த்த வேண்டியதில்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு உண்டு. எந்தப் புல எண் நஞ்சை, எது புஞ்சை, எது ஓடை அல்லது வாய்க்கால் புறம்போக்கு என்பதை அது காட்டும். புல வரைபடத்தில் அந்த எல்லைகளைக் கோடுகளாகக் காணலாம். இவை தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்திலும் கிடைக்கின்றன. மனை வாங்கும் குடும்பங்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் தவறாமல் பார்க்கின்றன. பக்கத்துப் புல எண் ஓடையா என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.