கேமரன் மலையின் பழங்கட்டடங்கள்

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் அமைந்த கேமரன் மலைக்கு, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளவையிட்ட வில்லியம் கேமரனின் பெயரே வழங்குகின்றது. தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைந்த பின்னர், 1930களில் இங்குக் கட்டடங்கள் பெருகின. அவற்றுள் இன்று நிலைத்திருப்பவற்றைப் பற்றிச் சிறிது காண்போம்.

தானா ராத்தாவிற்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே உள்ள 'ஸ்மோக் ஹவுஸ்' விடுதி அக்காலத்தது. பெயரைக் கேட்டவுடன் ரப்பர்த் தோட்ட அன்பர்களுக்கு ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடமே நினைவிற்கு வரும். இதுவோ, கருநிற மரச்சட்டங்களும் வெண்சுவர்களும் கொண்ட ஆங்கிலேயப் பாணி மாளிகையாகும்.

ஆயினும், மலையின் வரலாறு மாளிகைகளோடு முடிவதில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியபோது, சரிவான காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் தொழிலாளர்களே. அவர்களது உழைப்பினால் ஆலையும் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் மலையில் எழுந்தன.

தேயிலை ஆலையின் அமைப்பிற்குத் தக்க காரணம் உண்டு. கொய்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுதல் முதற்பணி. ஆதலின் பழைய ஆலைகளின் மேல்மாடிகள் விசாலமாகவும், வரிசையான சன்னல்களுடனும் கட்டப்பட்டன. வாடிய இலை கீழ்த்தளத்தில் உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டது. இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட இத்தகைய ஆலையொன்று நெடுநாள் மூடிக்கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று.

மாளிகைகளை அவற்றின் உடைமையாளர் பேணுவர். லயத்தையும் கோயிலையும் பேணுவார் யார்? ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, நம் முன்னோர் எழுப்பிய கட்டடங்கள் பல சுவடின்றி மறைந்தன. அவற்றின் படம் கூட நம்மிடம் இல்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், ஒரு கட்டடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு எவரும் அமைச்சரிடம் பரிந்துரைக்க இடமளிக்கின்றது. பரிந்துரைக்கு வலுவூட்டுவது சான்றேயாகும். ஆகவே கோயிலின் அடிக்கல்லில் பொறித்த ஆண்டு, பள்ளியின் பழைய பதிவேடு, குடமுழுக்கு அழைப்பிதழ், முதியோர் நினைவில் உள்ள செய்திகள் ஆகியவற்றை இன்றே திரட்டி, எழுதி வைத்தல் நன்று. தேயிலை மலையாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், உழைத்தவர்கள் வாழ்ந்த இடமும் இந்நாட்டின் வரலாறே என்பதை நாம் மறத்தலாகாது.