மேடில்லாத சாலையில் சைக்கிளைத் தடுப்பது எது?

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நீங்கள் சைக்கிளில் சென்றிருக்கிறீர்களா? பேருந்துகள் ஓடும் பெரிய சாலையை விட்டு விலகி, பாமணியாற்றின் கரையோரமாகச் செல்லும் சிறு சாலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபுறமும் வயல்கள், நடுவே நேரான சாலை. எப்போதாவது ஒரு டிராக்டர் வரும்; பால் கேனோடு ஒருவர் சைக்கிளில் எதிர்ப்படுவார். மற்ற நேரமெல்லாம் உங்கள் செயின் ஓடும் ஓசை உங்களுக்கே கேட்கும். மேடு என்று சொல்ல வாய்க்கால் பாலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆனாலும் ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்தபின் கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஏறுவதற்கு மேடே இல்லாதபோது உங்களைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பது எது? கல்லூரி மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் உடனே "உராய்வு" என்பார்கள். அந்த விடை முழுவதும் சரியல்ல. கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

எவ்வளவு சமம்?

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையிலுள்ள நாகப்பட்டினம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சரிவு முக்கால் மீட்டர்தான். கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் இந்தச் சரிவை நம்பியே வயல்களுக்குப் பாய்கின்றன. நீடாமங்கலத்தருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதும் இவ்வாறே. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் கரையாக அமைந்த சாலை தண்ணீரின் சரிவையே தானும் கொண்டிருக்கும். ஆகவேதான் அது இவ்வளவு சமமாக இருக்கிறது.

உங்கள் எடை 50 கிலோ, சைக்கிள் 20 கிலோ, புத்தகப் பை 5 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 75 கிலோ. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால் தரையை அழுத்தும் விசை 750 நியூட்டன். ஆயிரத்துக்கு முக்கால் என்ற சரிவில் இதில் அரை நியூட்டனுக்குச் சற்று மேற்பட்ட பகுதியே உங்களைக் கிழக்கே இழுக்கும். மேற்கே போனால் அதே அளவு தடுக்கும். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைதான் அது! எனவே சரிவை மறந்துவிடலாம். எஞ்சியிருப்பவை இரண்டு தடைகள்.

தரை கேட்கும் கூலி

முதலாவது, உருளும் தடை. டயர் தரையில் படும் இடத்தில் சற்றே நசுங்கி, சக்கரம் சுழன்றதும் மீண்டும் பழைய வடிவுக்கு வருகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி ரப்பரில் வெப்பமாகப் போய்விடுகிறது. நல்ல தார்ச்சாலையில், காற்று நிறைந்த டயரோடு செல்லும் சாதாரண சைக்கிளுக்கு இத்தடை எடையில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு இருக்கலாம். நம் கணக்கில் இது 6 நியூட்டன். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது.

டயரில் காற்றுக் குறைந்தால் நசுங்கும் பகுதி அதிகமாகும்; தடையும் கூடும். அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோல் பரப்பியிருக்கும்போது மிதிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். கெட்டிச் சக்கரத்தோடு கல்மேல் தடதடத்த வண்டிகளின் கதையை மாற்றியவர் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். 1880-களின் இறுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரை அவர் உருவாக்கினார். ஓசையில்லாத பயணம் அவரால் கிடைத்த பரிசு எனலாம்.

காற்று கேட்கும் கூலி

இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் உங்கள் உடலும் சைக்கிளும் சேர்ந்து காற்றுக்கு எதிரே அரைச் சதுர மீட்டர் பரப்பைக் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒவ்வொரு நொடியும் உங்கள் வழியில் இரண்டரைக் கன மீட்டர் காற்று குறுக்கிடுகிறது. அதன் நிறை 3 கிலோ! நொடிதோறும் மூன்று கிலோப் பொருளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே நீங்கள் போகிறீர்கள்.

வேகத்தை இரட்டித்தால் என்ன ஆகும்? நொடிக்கு எதிர்ப்படும் காற்றின் நிறை இரண்டு மடங்காகும். அதைத் தள்ள வேண்டிய வேகமும் இரண்டு மடங்காகும். ஆகவே தடை நான்கு மடங்காகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதன் பொருள் இதுதான். நம் சைக்கிளுக்கு வேகத்தின் வர்க்கத்தை 0.3 ஆல் பெருக்கினால் தடை நியூட்டனில் கிடைக்கும்.

விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். இரு தடைகளையும் கூட்டிக் கணக்கிட்ட விவரம் இதோ:

மணிக்கு 11 கி.மீ. (நொடிக்கு 3 மீ.) — தரை 6, காற்று 2.7 நியூட்டன் — திறன் 26 வாட்
மணிக்கு 18 கி.மீ. (நொடிக்கு 5 மீ.) — தரை 6, காற்று 7.5 நியூட்டன் — திறன் 68 வாட்
மணிக்கு 29 கி.மீ. (நொடிக்கு 8 மீ.) — தரை 6, காற்று 19.2 நியூட்டன் — திறன் 202 வாட்
மணிக்கு 36 கி.மீ. (நொடிக்கு 10 மீ.) — தரை 6, காற்று 30 நியூட்டன் — திறன் 360 வாட்

மெதுவாகச் செல்லும்போது தரையே பெரிய எதிரி. மணிக்கு 18 கிலோமீட்டரிலேயே காற்று அதை முந்திவிடுகிறது. வேகம் 18-லிருந்து 36 ஆகும்போது, தேவைப்படும் திறன் ஐந்து மடங்குக்கு மேல் உயர்கிறது. பந்தய வீரர்கள் ஏன் குனிந்து ஓட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

போகும்போது இழந்தது வரும்போது கிடைக்குமா?

இதுவரை காற்று அசையாமல் நிற்பதாகக் கொண்டோம். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே! நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது நீங்களும் நொடிக்கு 5 மீட்டர் செல்ல முயன்றால், உங்கள் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 10 மீட்டர். தடை 30 நியூட்டன். தேவைப்படும் திறன் 180 வாட். அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் காற்றுத் தடையே இல்லை. 30 வாட் போதும். காற்று திசை மாறினால் உழைப்பு ஆறு மடங்கு வேறுபடுகிறது!

இனி ஒரு புதிர். உங்கள் பள்ளி 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எப்போதும் 68 வாட் திறனோடு மிதிப்பீர்கள். காற்றில்லாத நாளில் போக 20 நிமிடம், வர 20 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். காலையும் மாலையும் ஒரே திசையில் காற்று வீசும் நாளில் என்ன ஆகும்? போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுவோம், கணக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் எதிர்க்காற்றில் உங்கள் வேகம் நொடிக்கு 2.8 மீட்டராகக் குறைந்து, 36 நிமிடம் ஆகிறது. பின்காற்றில் வேகம் 7.9 மீட்டராகி, 13 நிமிடத்தில் வந்துவிடுகிறீர்கள். கூட்டினால் 49 நிமிடம்! காற்று எடுத்துக்கொண்டது 16 நிமிடம், திருப்பிக் கொடுத்தது 7 நிமிடம்தான். எதிர்க்காற்று தொல்லை தருவது நீண்ட நேரம், பின்காற்று உதவுவது குறைந்த நேரம் என்பதே காரணம்.

கடலை ஒட்டிய ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். காலையில் மேல்காற்றும் மாலையில் கடற்காற்றும் வீசும் நாளில், பள்ளிக்கு மேற்கே வீடு உள்ளவர் இரு வேளையும் காற்றின் உதவியோடு செல்வார். கிழக்கே வீடு உள்ளவர் இரு வேளையும் மல்லுக்கட்டுவார். அவர் பள்ளிக்குத் தாமதமாக வந்தால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள்!

காற்றை வெல்ல முடியாது. அதன் பிடியைக் குறைக்கலாம். சற்றுக் குனிந்து, முன்பரப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றுத் தடையும் அவ்வளவு குறையும். எதிர்க்காற்று நாளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். டயருக்குக் காற்றும் செயினுக்கு எண்ணெயும் மறக்க வேண்டாம்.

ஆறு கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்?

ஆறு கிலோமீட்டர் நடந்தால் 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். சைக்கிளில் 20 நிமிடம். செலவு? 68 வாட் திறனில் 20 நிமிடம் உழைத்தால் சுமார் 80 கிலோ ஜூல். உடல் தான் எரிக்கும் உணவில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. எனவே உணவிலிருந்து 320 கிலோ ஜூல், அதாவது சுமார் இரண்டு இட்லி தரும் ஆற்றல் தேவை. 1973 மார்ச் மாத 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எஸ்.எஸ். வில்சன் என்ற அறிஞர் எழுதிய கட்டுரை, சைக்கிளில் செல்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் ஆற்றல் நடப்பவர் செலவிடுவதில் ஐந்தில் ஒரு பங்கே என்று எடுத்துக்காட்டியது.

இந்தக் கணக்கு மனிதர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. தஞ்சைக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசென்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலமாகச் சென்றார்கள். பேருந்துக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்தவர்கள் தாங்களாகவே சந்தைக்கும் வேலைக்கும் செல்லத் தொடங்கினார்கள்.

கங்கைச் சமவெளியில் பரந்து கிடக்கும் பீகாரில், 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர் சைக்கிள் வாங்க மாநில அரசு பணம் கொடுத்தது. உரிய வயதில் அவ்வகுப்புகளில் சேர்ந்த மாணவியர் இதனால் 32 விழுக்காடு கூடினர் என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் மிகுதி. 6 நியூட்டன், 7.5 நியூட்டன் என்று நாம் பார்த்த சின்ன எண்கள்தான் ஒரு பெண் படிப்பைத் தொடர்வதா, வீட்டோடு நின்றுவிடுவதா என்பதில் பங்கு கொள்கின்றன.

நீங்களே அளந்து பாருங்கள்

காற்று வீசாத விடியற்காலையில், வண்டிகள் வராத நேரான சமச் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போடுங்கள். ஒரே சீராக மிதித்து இந்த 10 மீட்டரைக் கடக்க வேண்டும். நண்பர் ஒருவர் கடிகாரத்தில் நேரத்தைக் குறிக்கட்டும். இரண்டாம் கோட்டைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, பிரேக் பிடிக்காமல் சைக்கிளைத் தானாக உருளவிடுங்கள். அது நிற்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

10 மீட்டரைக் கடக்க 4 நொடி ஆனால் வேகம் 2.5 மீட்டர். சைக்கிள் 34 மீட்டர் ஓடி நின்றது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, ஓடிய தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வேகம் குறையும் வீதம் கிடைக்கும். 6.25-ஐ 68 ஆல் வகுக்க 0.092. இதை 75 கிலோவால் பெருக்கினால் சராசரித் தடை ஏறத்தாழ 7 நியூட்டன். எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்து சராசரி எடுத்தால் சாலைச் சரிவின் பிழை நீங்கும். பிறகு டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். வேறுபாட்டைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

மற்றொரு நண்பரைச் சாலையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே நிறுத்த வேண்டும். பெரிய சாலையில் இச்சோதனை கூடவே கூடாது. வேகத்தின் வர்க்கம் என்ற விதி பேருந்துக்கும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு, 30 கிலோமீட்டரில் வருவதைப்போல் நான்கு மடங்கு தூரம் தேவை. பள்ளிக்குச் செல்லவும் இரண்டு வழிகள் இருந்தால், ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் ஆற்றங்கரை வழியையே தேர்ந்தெடுங்கள். அந்தக் கூடுதல் கிலோமீட்டருக்கு உங்களுக்கு ஆகும் செலவு மூன்று நிமிடம் இருபது நொடியும் மூன்றில் ஒரு பங்கு இட்லியும்தான்!